மூக்கை மேலே தூக்கி நிற்கும் கார்

2025 ஜனவரி 7, செவ்வாய்

சீ! காரோடு மல்லுக்கட்டியதில் கையெல்லாம் டீசல் நாற்றம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தேயிலைச் சக்கையைப் போட்டுத் தேய்த்துப் பார் என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி. இப்போது தேயிலையும் டீசலும் சேர்ந்து இன்னும் கேவலமாக நாறுகிறது. இந்தக் கையால் சோற்றை எப்படிப் பிசைவது?

விடியற்காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. வெளியே பனி. பின் சீட்டில், நான் விரித்து வைத்திருக்கும் பொலித்தீன் மேல், மாமா கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் புருஷனைப் பெற்றவர். இந்தத் தோட்டத்துக் கொழுந்து லொறியை வாழ்நாள் முழுக்க ஓட்டிய வீரய்யா டிரைவர். "என்ன மாமா செய்யிறது?" என்றால், "பழைய வண்டிம்மா. குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்கிறார். இதைச் சொல்ல ஒரு டிரைவர் வேண்டுமா?

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாயும் சனியும் உடப்புசல்லாவையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் கழுவ வேண்டும். காலையில் நேரத்துக்குப் போனால் கட்டில் உண்டு. பிந்தினால் வெளியே காத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் கட்டாரில் இருக்கும் என் வீட்டுக்காரர் இந்தக் கிழட்டு டீசல் காரை வாங்கிக் கொடுத்தார். ஓட்டுவது நான். திட்டு வாங்குவதும் நான்.

தள்ள வந்த ஆண்களைப் பற்றி எழுதாமல் விடக் கூடாது. எங்கள் தோட்டத்தில் யாரும் வண்டியின் முதுகை அம்மன் கோயிலுக்குக் காட்டி நிறுத்த மாட்டார்கள். கோயில் மேட்டில் இருக்கிறது. அதனால் லயத்து வரிசை வீட்டு வாசலில் நிற்கிற த்ரீவீல், மோட்டார் சைக்கிள், எங்கள் கார் எல்லாமே மூக்கை மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டுமென்றால் முதலில் பின்னுக்கு உருட்டி, வளைவில் திருப்பி, அப்புறம் பள்ளத்தில் விட வேண்டும். ஆளுக்கொரு யோசனை. ஒருத்தன் சாவியை வாங்கி, "பொம்பள கைக்குப் பிடிக்காது" என்று தானே திருகிப் பார்த்தான். ஆம்பளைக் கைக்கும் பிடிக்கவில்லை.

பாலத்தடிக்கு உருண்டு போன பிறகுதான் பிடித்தது. கடைசி நிமிஷத்தில் கட்டில் கிடைத்தது.

ஜனவரி 8, புதன்

இன்று ஒரே சாவியில் ஸ்டார்ட். வெட்கங்கெட்ட வண்டி.

ஜனவரி 11, சனி

மறுபடியும். தள்ள வந்த அழகன் அண்ணன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, கொளுத்தி, எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் பிடித்தார். கார் பற்றி எரிந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. லெட்சுமி எலுமிச்சம்பழத்தை டயருக்குக் கீழே வைத்தாள், அதுவும் சும்மா கிடந்தது.

கடைசியில் எங்கள் தோட்டத்துச் சுதாகரனின் த்ரீவீலில் போனோம். மலைக்காற்று மாமாவின் நெஞ்சில் அடித்தது. சுதாகரன் வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இந்த மனுஷன் சாகக் கிடக்கிறார், இவனுக்குப் பாட்டு!

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

நேற்றுக் காரை டவுனில் மெக்கானிக் அம்ஹர் நானாவின் கராஜில் விட்டிருந்தேன். ஹீட்டர் ப்ளக் எல்லாவற்றையும் மாற்றினார். டீசல் எஞ்சினுக்குக் காலையில் உள்ளே சூடு வேண்டும், அந்தச் சூட்டைக் கொடுப்பது அவைதானாம். பழையதில் ஒன்றிரண்டு செத்துப் போயிருந்தன. விடியற்காலையில் அவரே கொண்டுவந்து கொடுத்தார். புது வண்டி மாதிரி உறுமியது. பொங்கலுக்கு நல்ல சகுனம் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது.

திரும்பி வரும்போது வளைவில் மாமா வாந்தி எடுத்தார். வாயைக் கையால் பொத்தி அடக்கப் பார்த்தார், விரல் இடுக்கால் வழிந்தது. பொலித்தீன் இருந்ததால் சீட் தப்பியது. டிசம்பரில் முதல் முறை இப்படி ஆன பிறகுதான் அதை வாங்கி விரித்தேன். வீட்டு வாசலில் உருவி எடுத்துப் மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் கழுவினேன். அந்தப் புளித்த வாடை! எனக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. பொங்கலைத் தொடவே முடியவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை.

ஜனவரி 16, வியாழன்

இந்தப் பனிக்காலத்திலேயே பெரிய குளிர் இன்றுதான். புல்லெல்லாம் வெள்ளை. கீரைப் பாத்தி கருகிவிட்டது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் மாவு கரைக்கிற தண்ணீர் அடுப்பில் சூடாகவே மாட்டேன் என்றது. (அங்கேதான் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.) டவுனுக்குப் போக வேண்டியிருந்ததால் பயந்து பயந்து சாவியைத் திருகினேன். உடனே பிடித்தது. ஹீட்டர் ப்ளக்குக்கு நன்றி.

ஜனவரி 18, சனி

நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை. த்ரீவீல்.

ஜனவரி 19, ஞாயிறு

கட்டாரிலிருந்து இவர் வீடியோவில் பேசினார். பெட்டரியை மாற்று என்கிறார். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது என்றால், "நீ சொல்றது எனக்கு வெளங்கல, பெட்டரிய மாத்து" என்கிறார். பாலைவனத்தில் ஏசி அறையில் இருந்துகொண்டு எனக்குக் குளிரைப் பற்றிப் பாடம்! அவர் அப்பாவிடம் ஃபோனைக் கொடுத்தேன். "வண்டிய வித்துரு தம்பி, எதுக்கு அந்தப் புள்ளைக்குக் கஷ்டம்" என்றார் மாமா. விற்றால் நீங்கள் எதில் போவீர்கள் என்று கேட்டேன். ஃபோனை என் கையில் திருப்பித் தந்துவிட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

வெறுத்துப் போய்விட்டது. எழுதவே கை வரவில்லை.

கார் அசையவில்லை. அம்ஹர் நானாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். பாவம், கோபிக்கவில்லை. "தங்கச்சி, செல்ஃப் அடிக்கிற நேரம் பின்னால பொகை வருதா, பாருங்க. வெள்ளப் பொகை வந்தா டீசல் போகுது, சூடுதான் பத்தல. பொகையே இல்லாட்டி டீசலே போகல." லெட்சுமியைப் பின்னால் நிறுத்தி டொர்ச் அடிக்கச் சொன்னேன். பொட்டுப் புகை இல்லை. அப்படியானால் ஹீட்டர் ப்ளக்கும் இல்லை, பெட்டரியும் இல்லை, குளிரும் இல்லை. ராத்திரி முழுக்க நிற்கிற காரில் டீசல் எங்கே போகிறது?

சுதாகரன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூல் ஹயருக்குப் போய்விட்டான். வேறு த்ரீவீல் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கட்டில் போய்விட்டது. நர்ஸ் சிங்களத்தில் கத்தினாள். இவருக்கு ஒரு தடவை தவறினாலும் ஆபத்து என்று தெரியாதா, மருமகள் என்றால் இப்படித்தானா என்றாள். கேட்டுக்கொண்டு நின்றேன். மாமா என் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்குத் திரும்பும்போது பசிக்கிறது என்று சொல்லி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜனவரி 23, வியாழன்

மாமாவின் கால் வீங்கி, முகம் வீங்கி, மத்தியானம் மூச்சு வாங்க முடியாமல் திணறினார். கார் முதல் சாவியிலேயே பிடித்தது. எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டதாம். வார்டில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை இப்படி விட்டால் கொண்டுவந்தும் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

ஒன்று மட்டும் மண்டைக்குள் குடைகிறது. உறைபனி விழுந்த வியாழக்கிழமை பிடித்த கார், இன்றும் பிடித்த கார், செவ்வாயும் சனியும் மட்டும் ஏன் செத்துப் போகிறது? காருக்கு நாள் கிழமை தெரியுமா?

ஜனவரி 24, வெள்ளி

தெரியும்!

அம்ஹர் நானா லயத்துக்கே வந்து பார்த்தார். டீசல் பில்டரின் தலையில் கையால் அமுக்குகிற பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் காற்று எடுக்கிற சின்ன நட். அது அரைச் சுற்று லூஸாக இருந்தாலே போதுமாம். கார் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றால், ராத்திரியில் அந்த வழியே காற்று உள்ளே போய், டீசல் முழுக்கப் பின்னால் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் எஞ்சினுக்குக் கிடைப்பது வெறும் காற்று.

"கீழ பாத்து நிறுத்தியிருந்தா அதே எடத்தால டீசல் சொட்டியிருக்கும் தங்கச்சி. அண்டைக்கே காட்டிக் குடுத்திருக்கும். நீங்க எல்லாரும் மேல பாத்து நிறுத்துறதால தடயமே இல்ல" என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது தானா லூஸாகல, யாரோ கழட்டிக் கழட்டி இறுக்குறாங்க. ஸ்பேனர் சாவி போட்ட தழும்பு இருக்கு. புதுசு."

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். கார் படுத்தால் ஹயர் காசு யாருக்குப் போகும்? சீ, பணத்துக்காக ஒரு நோயாளியின் உயிரிலா விளையாடுவது? நேரே போய் சுதாகரனை வாசலில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன் அம்மா அழுதாள். அவன், "அக்கா, நான் செஞ்சிருந்தா எங் கை அழுகிப் போயிரும்" என்றான். நல்லா நடிக்கிறான் நாய்.

ஜனவரி 27, திங்கள்

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று சாயங்காலம் நட்டை இறுக்கி, அதன் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். கல்யாணத்துக்கு வாங்கியது, இப்போதுதான் பிரயோசனப்படுகிறது.

ஜனவரி 28, செவ்வாய்

பிடித்தது. கோடு அப்படியே இருக்கிறது. பயந்துவிட்டான்.

பெப்ரவரி 1, சனி

பிடிக்கவில்லை. பொனட்டைத் திறந்தேன். கோடு உடைந்து, நட்டின் மேல் பாதியும் இரும்பின் மேல் பாதியும் விலகி நின்றன. நட்டை இறுக்கினேன், அம்ஹர் நானா காட்டிக் கொடுத்தபடி கைப்பம்பைக் கல்லு மாதிரி ஆகும்வரை அமுக்கினேன், சாவியைத் திருகினேன். வெள்ளைப் புகையோடு பிடித்தது. தள்ள வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நேரத்துக்குப் போய்விட்டோம். மாமா வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து சுதாகரன் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. வியாழக்கிழமையே குடும்பத்தோடு வட்டவளையில் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம். த்ரீவீலும் அங்கேதான்.

அப்படியானால் யார்?

பெப்ரவரி 2, ஞாயிறு

துணி துவைத்தேன். மாமாவின் கம்பளி ஜம்பரைத் தண்ணீரில் போட்டதும் மேலே வானவில் மாதிரி எண்ணெய் மிதந்தது. வலது கை விளிம்பை மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாந்தி நாற்றம் இல்லை. மருந்து நாற்றமும் இல்லை.

டீசல்.

ஜம்பரைப் பிழியாமல் தனியே எடுத்து வைத்தேன்.

பெப்ரவரி 3, திங்கள்

ஈர ஜம்பரை அடுப்படியில் அவர் முன்னால் போட்டேன். "இது என்னா நாத்தம் மாமா?" என்றேன்.

மறைக்கப் பார்க்கவில்லை. "நாந்தாம்மா. போற நாளுக்கு மொத ராத்திரி லூஸாக்குவேன், அப்பறம் இறுக்கிப் பம்ப அமுக்கி வச்சிருவேன்" என்றார்.

கத்தினேன். லயமே கேட்டிருக்கும். நான் நர்ஸிடம் திட்டு வாங்கியதை, அந்தப் பையனை நாய் மாதிரி ஏசியதை, நெஞ்சில் நீர் கோத்து இவர் கண் சொருகியபோது வண்டியை ஓட்டிய ஓட்டத்தை, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். "சாகணும்னா சொல்லிட்டுச் சாவுங்க! எதுக்கு எங்க எல்லாரையும் காருக்குப் பின்னால தள்ள வச்சீங்க?"

"சாகணும்னு இல்லம்மா. போகாம இருக்கணும், அவ்வளவுதான். ஒரு தடவையாவது."

"ஏன், ஊசியா?"

"ஊசி கெடக்கு கழுத." அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டார். "மொத மொத வாந்தி எடுத்தன்னைக்கு, முன்னால இருக்கிற கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாத்தேன். மறுவாரம் அந்தப் பொலித்தீன விரிச்சு வச்சிருந்த. ஏறி ஒக்காரும்போதெல்லாம் சரசரங்குது. எத்தன வருஷம் வண்டி ஓட்டுனேன், சாமான ஏத்தத்தான் இப்பிடி விரிப்போம். மனுசன ஏத்தினதில்ல."

மூஞ்சி அப்படிப் போனது உண்மைதானே. வாந்தியைப் பார்த்தால் யாருக்குத்தான் போகாது? எனக்கு அருவருப்பு வாந்தி மேல்தான், உங்கள் மேல் இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணாடிக்கு அது தெரியுமா? அதில் தெரிவது ஒரே மூஞ்சிதான்.

"அன்னைக்கு மூச்சு முட்டுனப்ப பயந்துட்டேன். இனிமே தொடக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "வெள்ளிக்கெழம நீ அந்தப் பொலித்தீனக் கழுவி வெயில்ல காயப் போட்டிருந்த. அதப் பாத்ததும் கை போயிருச்சு."

இரவு கட்டாருக்கு ஃபோன் போடவில்லை. போட்டால் பெட்டரியை மாற்று என்பார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

பொலித்தீனைச் சுருட்டிக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டேன். பின் கதவைத் திறக்காமல் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "நனஞ்சிரும்மா" என்றார். "நனையட்டும், ஏறுங்க, குளிருது" என்றேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

முன் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் புத்தி வந்துவிடுகிறது. "ரெண்டுல போடு. வளைவுல பிரேக்க மிதிக்காத. இந்த எடத்துல ஹோன் அடி." நுவரெலியா வரும்வரை இதே தொல்லை. வாயை மூடுங்கள் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பெப்ரவரி 5, புதன்

சுதாகரனிடம் போனேன். "நான் பேசினது தப்பு தம்பி" என்றேன். யார் செய்தது என்று கேட்டான். "நட்டு பழசு, தானா கழண்டிருக்கு" என்றேன். அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "வீரய்யா தாத்தாவுக்கு ஒடம்பு எப்பிடி அக்கா?" என்று கேட்டான். அவன் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

பெப்ரவரி 7, வெள்ளி

நாளைக்கு ஆஸ்பத்திரி. நட்டுக்கு மறுபடி நகப்பூச்சுப் பூசலாமா என்று போத்தலைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பூசினால் அவரை நம்பவில்லை என்று ஆகும். பூசாவிட்டால்? டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்பேனர் சாவிகளை ஒளித்து வைக்கலாமா? அந்த மனுஷனுக்குச் சாவி எதற்கு, விரலாலேயே திருகிவிடுவார்.

பிள்ளைக் காம்பராவிலிருந்து திரும்பி வந்து காரை வழக்கம் போல் கோயிலைப் பார்த்து நிறுத்தினேன். மாமா குச்சியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்து பின்னால் நின்றார்.

"திருப்பி நிறுத்தும்மா" என்றார்.

"என்னாங்க மாமா?"

"மூக்கு கீழ பாக்க நிறுத்து."

"கோயிலுக்கு முதுகு..."

"அம்மனுக்குக் கோவம் வந்தா எங்கிட்ட வரட்டும். நான் பேசிக்கிறேன். நீ திருப்பு."

அழகன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி வாசலுக்கு வந்து, "ஐயோ, இதென்ன வீரய்யாண்ணே" என்றாள். நான் திருப்பினேன். கிளச்சைச் சீக்கிரம் விட்டதில் ரெண்டு முறை எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது. கீழே பார்த்து நின்றால் நட்டை யார் தொட்டாலும் டீசல் தரையில் சொட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். அம்ஹர் நானா எனக்குச் சொல்லித்தான் அது தெரியும். மாமாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கி, நகப்பூச்சுப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8, சனி

தரை காய்ந்திருந்தது. ஒரே சாவி. வெள்ளைப் புகை. கட்டில் கிடைத்தது.

திரும்பும்போது அதே வளைவில் முன் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். கியர்த் தண்டில் கூடப் பட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். மூஞ்சி தானாகவே கோணியது. "நல்லாப் பாத்துக்கங்க மாமா. இப்ப பக்கத்துலயே இருக்கேன், கண்ணாடி கூட வேணாம்" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓங்கரித்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

துணியை வாங்கி அவரே துடைத்தார். கியரை ரெண்டில் போடச் சொன்னார்.

கார் வாசலில் கீழே பார்த்து நிற்கிறது. உள்ளே தாங்க முடியாத நாற்றம். சீட்டுத் துணியில் ஊறிவிட்டது, எத்தனை கழுவினாலும் போகாது போலிருக்கிறது. கதவெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்குள் காய்ந்துவிடும்.